சம்பூர்க் கழியும் மக்கள் வழியும்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்வோர் முன்னாளிற் பெரும்பாலும் கடல்வழியாகவே சென்றனர். ‘லோஞ்சு’ எனப்பட்ட இயந்திரப் படகில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துப் போகும் அப்பயணத்தில், கோணேசர் மலை பின்னே சிறுத்துக்கொண்டு போவதையும், எதிர்க்கரையின் தாழ்ந்த பச்சைக் கோடு மெல்லப் பெருத்துக்கொண்டு வருவதையும் ஒருங்கே காணலாம். 2009ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலமும், 2011ஆம் ஆண்டிலே அதற்கப்பாலுள்ள பாலங்களும் திறந்துவைக்கப்பட்ட பின்னர் பேருந்தே போதுமானதாகி விட்டது. பயணம் எளிதாயிற்று. ஆனால் குடாவின் தெற்குக் கரை எத்தகைய நிலம் என்பதை அறிய விரும்புவோருக்குப் பேருந்துப் பயணமும் குறைந்ததன்று. கிண்ணியாவைக் கடந்தால் உப்பாறு. அதன் பின் கங்கை. அதன் பின் இறால்குழி. தரையிலே செல்கிறோம் என்று எண்ணிக்கொண்டே நாம் நீரின்மேற் செல்கிறோம்.

இங்குள்ள ஊர்ப் பெயர்களை உற்று நோக்குங்கள். இறால்குழி என்றால் இறால். கூனித்தீவு என்றால் கூனி. குழம்பிலும் சம்பலிலும் நாம் சுவைக்கின்ற அந்தச் சிற்றிறாலே அது. சூடைக்குடா என்றால் சூடைமீன். உப்பாறு தன் சுவையைத் தானே சொல்லிவிடுகிறது. சம்பூருக்கு என்ன பொருள் என்று கேட்பீர்களாயின், சம்பு என்பது நீர்க்கரையிலே நெடிது வளரும் ஒருவகைக் கோரையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதை மட்டும் நினைவூட்டி நிறுத்திக்கொள்கிறேன். பெயர்க்காரணம் கூறப் புகுந்தால் எல்லை கடந்துவிடுவது எம்போன்ற ஆசிரியர்களுக்கு இயல்பு. ஆயினும், ஒரு வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் மீனும் உப்பும் கோரையுமே பெயராக வாய்த்திருக்குமானால், அவ்வட்டாரத்து மக்கள் எதைக்கொண்டு வாழ்ந்தனர் என்பதற்கு வேறு சாசனம் எதற்கு?

மாவலி கங்கை இலங்கையின் மிக நீண்ட நதி. மத்திய மலைநாட்டிலே தோன்றி, ஏறத்தாழ 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. இத்தீவின் ஆறிலொரு பங்கு நிலத்தில் விழும் மழைநீர் இந்நதி வழியாகவே வடிகின்றது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து தெற்கே சென்று கடலை அடைகின்றது. இவ்விரு முகங்களுக்கும் இடையிலும் அருகிலும் கிடக்கும் தாழ்நிலமே மூதூர், சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான், வெருகல் முதலான ஊர்களைக் கொண்ட கொட்டியாரப்பற்று. நதி கொணர்ந்த வண்டலும் கடல் கொணர்ந்த மணலும் சந்திக்கும் இடங்களிலெல்லாம் களப்புக்களும் உவர்ச் சேற்று வெளிகளும் கண்டற்காடுகளும் உண்டாயின. நம் முன்னோர் இந்நிலத்தைக் கழி என்றும், அதன் கரையிலுள்ள சோலையைக் கானல் என்றும் அழைத்தனர். நெய்தல் திணையைப் படிக்கும் மாணவர் இச்சொற்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். பேருந்தின் சாளரத்துக்கு வெளியே அவை நிற்பதைக் கண்டு, ‘அது என்ன காடு, சேர்?’ என்று வினவுகின்றனர். குறை அவர்களுடையதன்று.

கழியின் தொழில் யாது? முதலாவதாக அது ஒரு தொட்டில். இறாற் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பலவகை மீன்குஞ்சுகளும் பெருங்கடலின் வாய்க்கு அஞ்சிக் கண்டல் வேர்களின் இடுக்கிலே வளர்கின்றன. வளர்ந்த பின்னரே கடலுக்குத் திரும்புகின்றன. ஆதலால் கழி அழிந்த ஊரிலே ஆழ்கடல் வலையும் இலேசாகும். இரண்டாவதாக அது ஒரு பஞ்சு. மாரியில் வரும் வெள்ளத்தைத் தன்னுள் வாங்கிப் பரப்பிச் சிறிது சிறிதாகக் கடலுக்கு விடுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த பெருவெள்ளத்திலே மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது, தாழ்நிலம் என்ற சொல்லின் பொருள் மூதூர், வெருகல் பகுதி மக்களுக்குப் புதிதாக விளக்கப்பட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாக அது ஒரு மதில். ஆனால் மதிலென்று சொல்லும்போது மிகை கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையோரத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது, வெட்டப்படாது முதிர்ந்து நின்ற கண்டற்காடுகள் தமக்குப் பின்னாலிருந்தவற்றைக் காத்தன என்பதும், மேற்பார்வைக்குப் பசுமையாக இருந்தும் உள்ளே சிதைந்திருந்தவை அவ்வாறு காக்கவில்லை என்பதுமே. எனவே பச்சை தெரிந்தால் போதும் என்று அமைதியடைவதற்கில்லை.

இது நிற்க. இக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஒரு தோல்வியை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சூலை மாதத்தில், மாணவர் முப்பதின்மருடன் குடாவின் கரையிலே கண்டல் நடச் சென்றேன். சூலை 26ஆம் திகதி உலகக் கண்டற்காடுகள் தினமாக யுனெஸ்கோ நிறுவனத்தாற் குறிக்கப்பட்டுள்ளது. அதனையொட்டி ஒரு நிறுவனத்தார் இவ்விழாவை ஒழுங்குசெய்திருந்தனர். பதாகை இருந்தது, தொப்பி இருந்தது, சிற்றுண்டி இருந்தது. நீர் வற்றிக் கிடந்த அகன்ற சேற்றுவெளியிலே கயிறு பிடித்து, இராணுவ அணிவகுப்புப் போல வரிசை வரிசையாகச் சில நூறு கண்டல் முளைகளை ஊன்றினோம். முழங்கால்வரை சேறு, பிள்ளைகளுக்கு மட்டற்ற மகிழ்ச்சி. கரையிலே வள்ளத்தின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அவரிடம் சென்று, “எப்படி ஐயா?” என்றேன்.

“பிள்ளையள் பாவம், வெயிலுக்குள்ள நல்லாப் பாடுபட்டதுகள்,” என்றார் அவர். பின்பு, “ஆனா மாஸ்டர், அந்த இடத்தில கண்டல் எப்பவும் நிண்டதில்ல. நிக்கிற இடமெண்டா அது தானே வந்து நிண்டிருக்கும்,” என்றார்.

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு சென்று பார்த்தபோது உயிரோடு நின்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றின் தண்டுகளிலும் சிப்பிபோன்ற ஒட்டுயிர்கள் அப்பிக்கிடந்தன. பிள்ளைகளுக்கு இதை எவ்வாறு சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ‘உங்கள் மரம் எப்படி இருக்கிறது?’ என்று வீட்டிலே பெற்றோர் கேட்டிருப்பார்கள் அல்லவா?

பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் பெரியவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் ஒரு விஞ்ஞானமே அடங்கியிருந்தது எனக்குத் தெரியவந்தது. கண்டலின் காய் தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். விழுந்தால் சேற்றிலே ஊன்றும். அல்லது நீரோடு மிதந்து சென்று தனக்கேற்ற இடம் கண்டவிடத்து வேர்விடும். ஆகவே விதைப்பதற்கு ஆளில்லாமற் கண்டல் அழிவதில்லை. அதற்கு வேண்டுவது இடமும் நீரோட்டமுமே. கண்டலும் வெண்கண்டலும் உவர்நீரிலே வாழ வல்லவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் வேர்கள் மூச்சுவிடவும் வேண்டும். ஒரு நாளிற் சில நாழிகை நீர் வேர்களை மூடலாம். பின்பு வடிந்து காற்றுக்கு வழிவிட வேண்டும். எப்போதும் நீர் மூடிக்கிடக்கும் தாழ்ந்த சேற்றில் ஊன்றினால் முளை மூச்சுத் திணறிச் சாகும். எப்போதாவது மட்டுமே நீர் எட்டும் மேட்டில் ஊன்றினால், வெயிலிலே உப்புச் செறிந்து கருகிச் சாகும்.

இங்கே நம் நாட்டின் தனித்தன்மையொன்றையும் நோக்க வேண்டும். உலகின் சில கரைகளிலே கடல் ஏறி இறங்கும் உயரம் பல மீற்றராகும். இலங்கையைச் சுற்றி அது முக்கால் மீற்றரைத் தாண்டுவதில்லை. ஆதலால் கண்டல் வாழத்தக்க நிலம் கரையோரத்திலே ஒரு மெல்லிய நாடாவாகவே அமைகின்றது. ஒரு சாண் கீழே போனாலும் பிழை. ஒரு சாண் மேலே போனாலும் பிழை. நாங்கள் நட்ட இடம் கீழே போன பிழை.

எங்கள் தோல்வி தனித்ததன்று. ருகுணுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொடிகார என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் இலங்கையில் 23 இடங்களிலே நடைபெற்ற கண்டல் மீள்நடுகை முயற்சிகளைப் பரிசீலித்து, 2017ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரையான பரப்பில் நடப்பட்டதில், வெற்றிபெற்றது 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு செடியேனும் உயிரோடிருக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவை பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. பிழையான இடத்தைத் தெரிந்தமை, நீரோட்டத்தைப் பாராமை, நட்டபின் எட்டிப் பாராமை, கால்நடைகள் மிதித்தமை என்பன அவர்கள் கண்ட காரணங்களுட் சில. ஆழிப்பேரலைக்குப் பின்னர் நன்மனத்தோடு கொட்டப்பட்ட பணமும் உழைப்பும் எவ்வளவு! நன்மனம் மட்டும் வேர்விடுவதில்லை.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே றொபின் லூயிஸ் என்னும் அறிஞர் வெஸ்ட் லேக் என்ற இடத்தில் ஏறத்தாழ 500 ஹெக்டயர் கண்டல் நிலத்தை மீட்டெடுத்தார். ஒரு கண்டற் செடியையும் அவர் நடவில்லை. அருகே நல்ல நிலையில் நின்ற காட்டின் தரைமட்டத்தை அளந்தார். கெட்டுப்போன நிலத்திலே கொட்டப்பட்டிருந்த மண்ணை அம்மட்டத்துக்கு அகற்றினார். நீர் வந்துபோக வாய்க்கால் வகுத்தார். முளைகளைக் கடலே கொண்டுவந்தது. தமிழகத்திலே பிச்சாவரத்தில் நிகழ்ந்ததும் இதனையொத்ததே. பழைய நாளில் அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டி எடுத்தனர், வெட்டிய இடத்திலே நிலம் தாழ்ந்து தொட்டிபோலாயிற்று, தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பை விட்டுச் சென்றது, எதுவும் முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் 1990களில் அந்நிலத்திலே மீன்முள் வடிவாக ஒரு பெருவாய்க்காலும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, கடல்நீர் நாடோறும் வந்து உப்பைக் கழுவிச் செல்லுமாறு செய்தனர். அதன் பின்னரே அங்கே காடு மீண்டது. பிச்சாவரத்துக்கு அயலிலேதான் சிதம்பரம் இருக்கிறது. தில்லை என்னும் அத்தலத்தின் பெயர், பால் கண்ணிற்பட்டாற் பார்வையைக் கெடுக்கும் தில்லை மரத்தினால் வந்தது. அம்மரமும் கழிக்கரையில் வளர்வதே. தாண்டவ மூர்த்தியை வணங்கும் நாம், அவர் ஆடக் கண்ட வனம் ஒரு கண்டற்கானல் என்பதை ஏனோ நினைப்பதில்லை.

கொட்டியாரத்திலே நீரோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் கண்டிவரை சென்று பேச வேண்டும். 1976இல் பொல்கொல்லையிலே மாவலியின் நீர் திசைதிருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. அவற்றால் வயல் விளைந்தது, விளக்கு எரிந்தது, அந்நன்மையை மறுப்பாரில்லை. ஆனால் கழிமுகத்துக்கு வரும் நன்னீரும் வண்டலும், அளவிலும் காலத்திலும், முன்போல இல்லை. ஆகவே இங்கு ஒரு கழியை மீட்க விரும்புவோர், ‘முன்பு எப்படியிருந்தது’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இன்றைய நதிக்கு எப்படியிருத்தல் கூடும்’ என்றும் கேட்டாக வேண்டும். பெருவீதிகளின் கீழுள்ள மதகுகள் போதிய அகலமுடையனவா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு மதகை அகலப்படுத்துவது ஆயிரம் கண்டல் நடுவதினும் மேலான பலனைத் தரக்கூடும். ஆனால் மதகுக்கு முன் நின்று படம்பிடிக்க யாரும் வருவதில்லை.

இதுவரை மரத்தைப் பற்றியே பேசினோம். சம்பூரிலே மனிதரைப் பற்றிப் பேசாமல் மேலே செல்ல இயலாது.

2006ஆம் ஆண்டு சூலையில் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டதையொட்டி மூண்ட போரின் கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே மக்கள் உடுத்த துணியோடு தெற்கு நோக்கிப் பெயர்ந்திருந்தனர். 2007இல் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பின் அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையமொன்றை இந்தியக் கூட்டுறவோடு அமைக்கத் திட்டமிடப்பட்டது. 818 ஏக்கர் நிலம் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. கடற்படைப் பயிற்சி முகாமும் எழுந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலான இடங்களிலே தகரக் கொட்டில்களில் இருந்தவாறு, தம் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு சம்பூர் மக்கள் ஏறக்குறையப் பத்தாண்டு கழித்தனர். பத்திரகாளி அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டிய நாளில் வேலியின் இப்புறத்தில் நின்றனர். 818 ஏக்கர் தொடர்பான ஒதுக்கீடு 2015 மேயில் நீக்கப்பட்டது; முகாம் இருந்த நிலமும் 2016 மார்ச்சிலே கையளிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டம் 2016 செப்டெம்பரிலே கைவிடப்பட்டது. அதே வட்டாரத்தில் இப்போது சூரிய ஒளியிலிருந்து 120 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டம் வகுக்கப்பட்டு, 2025 ஏப்பிரல் 5ஆம் திகதி தொடக்கிவைக்கப்பட்டது.

இத்தகைய ஊரிலே சென்று, ‘இக்கழியைப் பாதுகாக்கப் போகிறோம், வேலி அடைக்கப் போகிறோம்’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் நெஞ்சில் என்ன எழும்? சுற்றாடல் என்ற சொல் எவ்வளவு இனிதாயினும், வேலி என்ற சொல்லையே அவர்கள் கேட்பார்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கோ அவர்கள் அறிந்த பொருள் வேறு. இதனைக் குறையாகக் கொள்வது அறியாமை.

மேனாட்டு நூல்களிலே சதுப்பு நிலங்களை மீட்பது பற்றிப் பேசும்போது, உயிரினங்களுக்கு உறைவிடமும் பொதுமக்களுக்குப் பிரவேசமும் ஆகிய இரண்டையும் ஒருங்கே திட்டமிட வேண்டும் என்று எழுதுவர். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோக் குடாவிலே கைவிடப்பட்ட உப்பளங்கள் 15,100 ஏக்கர் 2003இல் அரசால் வாங்கப்பட்டு, சதுப்பு நிலமாக மீட்கப்பட்டு வருவது இதற்குப் பேர்போன உதாரணம். உறைவிடம், வெள்ளத் தடுப்பு, மக்கள் வருகை என்னும் மூன்றையும் தொடக்கத்திலேயே இலக்காக வகுத்துக்கொண்டனர். பணி முடிய அரை நூற்றாண்டு ஆகும் என்றும் வெளிப்படையாகக் கூறிவிட்டனர். நடைபாதைகளும் படகுத் துறைகளும் அமைத்தனர். கரையோரக் குருவிகள் முட்டையிடும் பருவத்திலே சில பாதைகளை மூடுகின்றனர். முழுவதையும் ஒருசேரத் திறந்துவிடாமல், ஒரு குளத்திலே செய்து பார்த்து, அதன் விளைவை அளந்து, அடுத்த குளத்துக்குச் செல்கின்றனர். இந்த நிதானத்தை நாம் கற்கலாம். ஆனால் அவர்கள் ‘பிரவேசம்’ என்பது பெரும்பாலும் ஓய்வுநாளில் நடந்து செல்வதும், பறவை பார்ப்பதும், படகு விடுவதுமாகும். சம்பூரில் அச்சொல்லின் பொருள் வேறு. வள்ளம் இறக்குவதற்கான துறை. வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் இறங்கும் வழி. பெண்கள் மட்டி பொறுக்கும் சேறு. மாடுகளைச் சாய்த்துச் செல்லும் தடம். கோயில் தீர்த்தத்துக்குக் கடலாடச் செல்லும் பாதை. இவற்றுள் ஒன்று அடைபட்டாலும் ஒருவர் வீட்டில் அன்றைய அடுப்பு எரிவதில் ஐயம் உண்டாகும்.

சென்னையிலே அடையாற்றுக் கழியின் ஒருபகுதி குப்பை மேடாகக் கிடந்தது. அதில் 58 ஏக்கர் துப்புரவாக்கப்பட்டு, நீர்நிலைகள் மீண்டும் தோண்டப்பட்டு, 2011 சனவரியிலே தொல்காப்பியப் பூங்கா என்ற பெயருடன் திறக்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகளாக எவரும் நினைத்த வேளையில் நுழைய முடியாதிருந்தது. மாணவர் குழுக்களும் முன்கூட்டிப் பதிவுசெய்தோருமே குறித்த நாட்களில் அனுமதிக்கப்பட்டனர். இலட்சோபலட்சம் மக்கள் சூழ்ந்த மாநகரிலே ஒரு சிறு கழியைக் காக்க அவ்விறுக்கம் தேவைப்பட்டிருக்கலாம். அந்தச் சட்டத்தைச் சம்பூருக்குக் கொண்டுவந்தால் அது அநியாயமாகும். மறுபுறத்தில், எல்லாரும் எப்போதும் வரலாம் என்றால் என்னாகும் என்பதற்குத் தூரதேசம் போக வேண்டியதில்லை. நிலாவெளிக்கு அப்பால் இருக்கும் புறாமலையைப் பாருங்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சிறு தீவின் பவளப்பாறைகளைக் காணப் படகு படகாக மக்கள் சென்று, காணச் சென்ற பாறையையே காலால் மிதித்து நொறுக்கினர்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கெனியா நாட்டிலுள்ள காசி என்னும் குடாவாகும். நம் காசியோடு அதற்குப் பெயர் மட்டுமே உறவு. அங்கே மீனவக் கிராமத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து கண்டற்காட்டினூடே பலகையால் ஒரு நடைபாதை அமைத்து, வருவோரிடம் கட்டணம் பெற்று, தாமே அதனை நடத்துகின்றனர். 2013 முதல் அக்குடாவிலே 117 ஹெக்டயர் கண்டற்காடு காற்றிலிருந்து உறிஞ்சும் கரியைக் கணக்கிட்டு வெளிநாட்டாருக்கு விற்று, அப்பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவிட்டும் வருகின்றனர். பாதையின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே அங்கு முதற் கேள்வியாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2015இல் அரசாங்கமும், சிலாபத்திலிருந்து இயங்கும் சுதீச நிறுவனமும், அமெரிக்க நாட்டுச் சீக்கோலொஜி நிறுவனமும் சேர்ந்து, நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. கழியோரக் கிராமத்துப் பெண்களுக்குத் தொழிற் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, கைம்மாறாகக் காட்டைக் காக்கச் செய்வது அதன் உட்பொருள். 2016 சூலையில் பம்பலையிலே கண்டற்காடுகளுக்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது. ஆனைவிழுந்தான் சரணாலயத்திலே கைவிடப்பட்ட இறாற் பண்ணைகளின் வரம்புகளை வெட்டி நீரோட்டத்தை மீட்டு, காடு தானே வளர விட்டனர். இத்தகைய பணிகளுக்காக 2024 பெப்ரவரியிலே ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்புத் திட்டத்தை உலகின் முன்மாதிரிகளுள் ஒன்றாகத் தெரிந்தெடுத்தது. இவற்றிற் பெரும்பாலானவை வடமேற்குக் கரையில் நிகழ்ந்தவை. கிழக்கிற்கு அந்த அனுபவம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பது என் கருத்து.

சட்டத்திலும் இடமுண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், கடல்நீர் உயர்ந்து எட்டும் எல்லையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாகக் கொள்கிறது. 2011இல் செய்யப்பட்ட திருத்தம் ‘விசேட முகாமைத்துவப் பகுதி’ என்றொரு ஏற்பாட்டைச் சேர்த்தது. ஒரு களப்புக்கு அவ்வூர் மக்களும் திணைக்களத்தாரும் பிரதேச செயலகத்தாரும் கூடி ஒரு திட்டம் வகுத்துக்கொள்ள அது வழிசெய்கிறது. சம்பூர் போன்ற ஊருக்கு முழு வேலியும் வேண்டாம், முழுத் திறப்பும் வேண்டாம் என்போர்க்கு இதுவே பொருந்திய கருவி.

அத்தகைய திட்டத்தை வரைய ஒருநாள் சிலர் கூடுவாராயின், படத்தை விரிக்குமுன் நடந்து பார்க்குமாறு அவர்களை வேண்டுவேன். துறைகளையும் தடங்களையும் கோயிற் பாதையையும் முதலிற் குறியுங்கள். அவை ஏற்கெனவே இருப்பவை, எவரும் வழங்க வேண்டியவையல்ல. மாடு மேய்ப்பவரையும் அழையுங்கள். முளைகளை மிதிப்பது மாடு, ஆனால் மாட்டைத் திருப்பத் தெரிந்தவர் அவரே. சூரியத் தகடுகள் பரப்பப்படும் நிலத்திலிருந்து மழைநீர் எப்பக்கம் வடியும் என்று பொறியியலாளரைக் கேளுங்கள். அதன்பின் கழியின் எந்த மூலையிலே குஞ்சுகள் பெருகுகின்றன, வாடைக் காலத்தில் வடதிசைப் பறவைகள் வந்திறங்கும் சேற்றுவெளி எது என்று மீனவரோடு பேசிக் கண்டு, அம்மூலைகளை மட்டும், அம்மாதங்களில் மட்டும், அவர்கள் வாயாலேயே மூடச் செய்யுங்கள். வெறுஞ் சேறாகத் தோன்றும் வெளியில் எல்லாம் கண்டலை ஊன்றாதீர்கள். அப்பறவைகளுக்கு அச்சேறே வயல். வெளியூரார் பார்க்க விரும்பினால் ஒரேயொரு பலகைப் பாதை போதும். அதன் வருமானம் ஊர்ப் பெண்களிடம் சேரட்டும்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. நண்பர் ஒருவர் அதைச் சொன்னார். ‘மக்களிடமே விட்டால் அவர்களே வெட்டுவார்கள், கண்டற் கம்பும் விறகும் எங்கிருந்து வருகின்றன?’ என்றார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. பத்தாண்டின் பின் வெறுங்கையோடு திரும்பியவன் குடிசைக்குக் கம்பு தேடினால், கிட்ட நிற்பதைத்தான் வெட்டுவான். ஆனால் வேலிக்குள்ளே இருந்த பத்தாண்டிலும் அக்கழி எவ்வாறு இருந்தது என்பதைக் கண்காணிக்க அவ்வூரார் ஒருவருக்கும் இடமிருக்கவில்லை. வெட்டுபவனைத் தடுக்க இன்னொரு சம்பூரான் வருவதற்கும், சீருடை அணிந்தவர் வருவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் இப்போது கண்டல் நடுவதில்லை. ஆண்டுக்கு நாலைந்து முறை மாணவர் சிலர் என்னுடன் வந்து, பூரணையிலும் அமாவாசையிலும் நீர் எட்டும் உயரத்தை அளக்கின்றனர். அளவுக் கோடுகள் கீறிய ஐந்து கம்புகளைக் கரையிலிருந்து நீரை நோக்கி வரிசையாக ஊன்றியிருக்கிறோம். எந்தக் கம்பின் அருகே முளைகள் தாமாக வந்து ஒட்டுகின்றன என்று ஒரு பயிற்சிப் புத்தகத்திலே எழுதுகின்றனர். செலவு ஒன்றுமில்லை, பதாகையும் இல்லை. நான்காவது கம்பருகே சென்ற முறை ஏழு முளைகள் இருந்தன.

வலை பொத்தும் பெரியவர் அன்றும் அங்கிருந்தார். எழுந்து வந்து எங்கள் கம்புகளைச் சுற்றிப் பார்த்தார். இடையிலிருந்த கத்தியை எடுத்து, மூன்றாவது கம்பிலே நாங்கள் கீறிய கோட்டுக்கு ஒரு சாண் மேலே சிறு வெட்டொன்று வைத்தார்.

“மார்கழி வாடைக்குத் தண்ணி இதில நிக்கும், மாஸ்டர். கங்கையும் பெருகி வந்தா இன்னும் கொஞ்சம். அப்ப வந்து அளந்து பாருங்க,” என்றார்.

டிசம்பர் விடுமுறையிலே போவதாக இருக்கிறோம்.